பத்து மீட்டர் போதுமா?

மலேசியாவின் பட்டர்வொர்த்–கூலிம் நெடுஞ்சாலையின் (பிகேஇ) நீளம் ஏறத்தாழ 17 கிலோமீட்டர். ஒரு பக்கம் பினாங்குத் துறைமுகத்தின் கொள்கலன் முனையம். இன்னொரு பக்கம் 1996-இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா. இடையில் லூனாஸ். ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த இந்தச் சிற்றூரில் இன்று லோரி இல்லாத பிழைப்பு குறைவு. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் சரக்கு வாகனம் ஓட்டுவதற்கான ஜி.டி.எல். உரிமம் எடுத்து டிரைலர் ஓட்டப் போனார்கள். இன்னொரு பகுதியினர் கப்சாயில் ஏறி அதே சாலையில் தொழிற்சாலை ஷிப்டுக்குப் போகிறார்கள். லோரிக்குள் உட்கார்ந்திருப்பவரும் லோரிக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் போகிறவரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக்கூடிய ஊர் இது. கனரக லோரிகள் ஒன்றையொன்று எவ்வளவு நெருங்கி ஓடலாம் என்ற கேள்விக்கு, ஐரோப்பியச் சோதனைத் தடத்தில் கிடைத்த விடை இந்த ஊருக்கும் பொருந்துமா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்தக் கேள்வி உலகத்தில் முப்பது ஆண்டுகளாக நடமாடுகிறது. வாகனங்களைக் கம்பியில்லாத் தொடர்பில் கோத்து, சில மீட்டர் இடைவெளியில் தொடரணியாக ஓட்டும் முறையைப் பிளட்டூனிங் என்கிறார்கள். 1997-இல் கலிபோர்னியாவின் சான் டியாகோவில் கார்களை இப்படி ஓட்டிக் காட்டினார்கள். 2016 ஏப்ரலில் ஆறு ஐரோப்பிய நிறுவனங்களின் லோரிகள் பல நாடுகளைக் கடந்து ரோட்டர்டாம் துறைமுகத்தை அடைந்தன. 2017-இல் சிங்கப்பூர் அரசும் துறைமுக நிறுவனமான பி.எஸ்.ஏ.வும் ஸ்கானியா, டொயோட்டா சூஷோ ஆகிய இரண்டுடனும் ஒப்பந்தம் செய்தன. முன்னால் ஓட்டுநருடன் ஒரு லோரி, அதைத் தொடர்ந்து ஆளில்லாத மூன்று லோரிகள் என்பது திட்டம். 2021 பிப்ரவரியில் ஜப்பான் தன் ஷின்-தோமெய் விரைவுச் சாலையில் மூன்று பெரிய லோரிகளை, பின்னிரண்டிலும் ஓட்டுநர் இருக்கை காலியாக இருக்க, 80 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 9 மீட்டர் இடைவெளியில் ஓட்டியது.

இந்த முறைக்காகப் பேசுவோரின் வாதம் வலுவானது. அதை அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொண்டால்தான் தீர்ப்புக்கு மதிப்பு.

80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு லோரி விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. முன்னால் சிவப்பு விளக்கு எரிவதைக் கண்டு, மூளை அதை உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போய்ச் சேர ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொண்டால், பிரேக் தொடங்குவதற்கு முன்பே 33 மீட்டர் போய்விட்டது. களைத்த ஓட்டுநருக்கு இன்னும் கூடும். தொடரணியில் முன் லோரி பிரேக் போட்ட செய்தி ரேடியோ அலையில் உடனே போகிறது; பின் லோரி யாருடைய காலுக்கும் காத்திராமல் தானே பிரேக் போடுகிறது. அந்தத் தாமதம் 0.2 விநாடி என்று தாராளமாகவே கணக்கிட்டாலும் நான்கரை மீட்டர்தான். மனிதக் கவனக்குறைவு பறித்துக்கொள்ளும் இருபத்தெட்டு மீட்டருக்கு மேல் திரும்பக் கிடைக்கிறது. பின்னாலிருந்து மோதும் விபத்துகளில் கவனம் பிசகுவதன் பங்கை அறிந்த எவரும் இதைத் தள்ளிவிட முடியாது.

இரண்டாவது வாதம் நுட்பமானது. மிக நெருங்கி ஓடும் இரண்டு வண்டிகள் மோதிக்கொண்டாலும் இரண்டின் வேகத்துக்கும் இடையே பெரிய வித்தியாசம் உண்டாவதற்கு முன்பே மோதிவிடும். ஆகவே அடி சிறிதாக இருக்கும். இயற்பியல் இதில் அவர்கள் பக்கம்.

மூன்றாவது, அதிகம் பேசப்படாத வாதம். நம் சாலைகளில் லோரிகள் இப்போதே நெருங்கித்தான் ஓடுகின்றன. வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையின் இடது தடத்தில், ஏற்றம் வரும் இடங்களிலும் டோல் சாவடியை நெருங்கும்போதும், மூன்று நான்கு டிரைலர்கள் ஒன்றன் பின்புறத்தை மற்றொன்று பார்த்துக்கொண்டு போவது அன்றாடக் காட்சி. ரேடார் இல்லை, தொடர்பு இல்லை, கண் மட்டும்தான். நெருங்கி ஓடுவது தவிர்க்க முடியாதது என்றால், கருவியோடு நெருங்குவது கருவியின்றி நெருங்குவதைவிட மேல் அல்லவா? மேல்தான். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த "தவிர்க்க முடியாதது" என்ற சொல்லைத்தான் ஏற்க முடியவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த வாதங்கள் எல்லாவற்றின் அடியிலும் சொல்லப்படாத ஓர் அனுமானம் கிடக்கிறது: இரண்டு லோரிகளும் ஒரே மாதிரி நிற்கும் என்பது. தாமதத்தைக் கருவி அழிக்கலாம். பிரேக்குகளுக்கு இடையிலுள்ள ஏற்றத்தாழ்வை அது அழிக்காது.

கணக்காகவே பார்ப்போம். 80 கிலோமீட்டர் வேகத்தில், விநாடிக்கு விநாடி 6 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்கும் பிரேக் உள்ள லோரி சுமார் 41 மீட்டரில் நிற்கும். 5 மீட்டர் வீதமானால் 49 மீட்டர். இந்த 5 என்பது பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. பிரேக் விதியில் லோரிகளுக்கான குறைந்தபட்ச அளவு. அதாவது சட்டப்படி நல்ல லோரி. பிரேக் தேய்ந்தோ சுமை மிகுந்தோ 4 ஆகிவிட்டால் 62 மீட்டர். முன்னால் 6, பின்னால் 5 இருக்கும் இரண்டு லோரிகள் பத்து மீட்டர் இடைவெளியில் ஓடினால், நிற்கும் தூரத்தில் 8 மீட்டர் வித்தியாசம், அதோடு ரேடியோத் தாமதத்தின் நான்கரை மீட்டர். பன்னிரண்டரை மீட்டர் தேவைப்படும் இடத்தில் பத்துதான் இருக்கிறது. இரண்டு லோரிகளும் பரிசோதனையில் தேறியவை, கருவி பழுதின்றி வேலை செய்தது, மோதல் மட்டும் நடந்தேவிட்டது. பின்னால் இருப்பது 4 ஆனால், ஏறத்தாழ மூன்று விநாடிக்குள், மணிக்கு 23 கிலோமீட்டர் வேக வித்தியாசத்தில் இடிக்கும். சிறிய அடி என்று காரைப் பற்றிச் சொல்லலாம். மூக்கில்லாத தட்டை முகப்பு லோரியில், முதுகுக்குப் பின்னால் நாற்பது டன் தள்ளிக்கொண்டு வர, முன்னிருக்கும் டிரைலரின் இரும்புச் சட்டத்தில் முதலில் போய்ப் படுவது ஓட்டுநரின் கேபின். 23 கிலோமீட்டர் அங்கே சிறிய எண் அல்ல.

இதற்குப் பொறியாளர்கள் கண்ட தீர்வு, பிரேக் பலவீனமான லோரியை முன்னால் நிறுத்தி, வலுவானதைக் கடைசியில் வைப்பது. தொடரணிக்குள் பார்த்தால் கச்சிதமான யோசனை. ஆனால் முன்னால் இருக்கும் லோரிதானே உலகத்தைச் சந்திக்கிறது? திடீரென்று குறுக்கே வரும் காருக்கும், விழுந்துவிட்ட மோட்டார் சைக்கிளுக்கும் எதிரே இருப்பதிலேயே மோசமான பிரேக்கை நிறுத்துகிறோம். பின்னால் வருவதன் நலனுக்காக முன் லோரியின் பிரேக்கைக் கட்டுப்படுத்தினாலும் விளைவு அதுவே. தொடரணிக்கு உள்ளே இருப்பவர்களின் ஆபத்து, அதில் சேராத ஒருவரிடம் கைமாற்றப்படுகிறது. லூனாஸ் சந்திப்பில் அந்த ஒருவர் யார் என்று எனக்குத் தெரியும். அவர் கப்சாயில் வருகிறார்.

இனி, நம் நாட்டு லோரியின் பிரேக்கைப் பற்றி. தூரத்து ஆய்வுக்கூடங்களின் கண்ணில் படாத ஒன்றைக் கொள்கலன் ஓட்டுகிற எவரும் சொல்வார்: டிரைலரை இழுக்கும் பிரைம் மூவர் ஓட்டுநருடையது மாதிரி, டிரைலர் யாருடையதோ. தான் நாள்தோறும் ஓட்டும் பிரைம் மூவரின் சத்தம் மாறினாலே ஓட்டுநருக்குத் தெரிந்துவிடும். ஆனால் கொள்கலனைத் தாங்கும் டிரைலர், யார்டில் அன்று எது காலியாக நிற்கிறதோ அது. காலையில் ஒன்று, மாலையில் வேறொன்று. பாரம் முழுக்க ஏறிய வண்டியை நிறுத்துவதில் கணிசமான பங்கு டிரைலர் சக்கரங்களுடையது. அங்கேதான் பிரேக் டிரம் தேய்ந்திருப்பதும், காற்றுக் குழாய் கசிவதும், சரிசெய்யும் நெம்புகோல் துருவேறிக் கிடப்பதும். தொடரணிக் கருவி பிரைம் மூவரில் இருக்கிறது. தன் பின்னால் இன்று மாட்டப்பட்டிருப்பது எந்த நிலையிலுள்ள டிரைலர் என்பதை அது முன்கூட்டி அறியாது. பழைய டிரைலரில் அதைச் சொல்லும் மின்னணுக் கருவியும் இருக்காது. வணிக வாகனங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை உண்டு. 1994 முதல் புஸ்பாகோம் நிறுவனம் அதைச் செய்துவருகிறது. ஆறு மாதம் என்பது ஒரு பிரேக் தேய்வதற்கு மிக நீண்ட காலம்.

அண்மைய ஆண்டுகள் காட்டியதை மறக்கக் கூடாது. 2024 டிசம்பர் 23 இரவு, மலாக்காவில் ஆயர் குரோ அருகே வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில், ஒரு லோரியிலிருந்து கழன்ற டயரில் மோதிய சுற்றுலாப் பேருந்து எதிர்த்தடத்துக்குப் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள். 2025 மே 13 அன்று தெலுக் இந்தானில், கல் ஏற்றிய லோரி கலகத் தடுப்புப் போலீசாரின் வாகனத்தில் மோதியதில் ஒன்பது பேர் மாண்டார்கள். ஸ்டீயரிங் பழுதும் அளவுக்கு மீறிய சுமையும் விசாரணையில் பேசப்பட்டன. இரண்டும் நெருங்கி ஓடியதால் வந்தவை அல்ல என்று யாரும் சொல்லலாம், உண்மைதான். நான் அவற்றைச் சொல்வது வேறு காரணத்துக்காக. சக்கரம் கழலும் நிலையில் ஒரு லோரியும், வரம்பு மீறிய பாரத்தோடு இன்னொன்றும் சாலைக்கு வந்துவிட முடிகிற நாட்டில், அடுத்த லோரியின் பிரேக் தன் பிரேக்கைப் போலவே இருக்கும் என்ற நம்பிக்கைமீது பத்து மீட்டரைப் பந்தயம் வைக்கச் சொல்கிறார்கள். லோரிகளுக்கான வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவரவே 2025 அக்டோபர் முதல் கட்டம் கட்டமாக நாள் குறிக்க வேண்டியிருந்தது.

இறக்கங்களில் நிலைமை இன்னும் கடினம். கெடாவிலிருந்து கிள்ளான் துறைமுகம் போகும் லோரி, கோல கங்சார் கடந்து மெனோரா சுரங்கப்பாதைப் பகுதியின் மலைச்சரிவில் இறங்கியாக வேண்டும். நீண்ட இறக்கத்தில் டிரம் பிரேக் சூடேறி வலுவிழக்கும். உச்சியில் 5 இருந்த பிரேக் பாதிச் சரிவில் எவ்வளவு என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. வடக்கில் பிற்பகல் மழை இறங்கினால் தார்ச்சாலையின் பிடிப்பும் மாறுகிறது. தேய்ந்த டயருக்கும் புது டயருக்கும் இடையே காய்ந்த சாலையில் மறைந்திருந்த வித்தியாசம் மழையில்தான் வெளியே வரும்.

சாலையில் மற்றவர்கள் படும்பாட்டுக்கு வருகிறேன். பதினேழு மீட்டர் நீள டிரைலர்கள் மூன்று, இடையே பத்துப் பத்து மீட்டர்: 71 மீட்டர் நீளத்துக்கு நகரும் சுவர். 80 கிலோமீட்டரில் அது போகையில், இடது ஓரத்தில் 70 கிலோமீட்டரில் போகும் மோட்டார் சைக்கிளை அந்தச் சுவர் கடந்து முடிக்க இருபத்தைந்து விநாடி ஆகும். அந்த இருபத்தைந்து விநாடியும் அவர் சக்கரங்களின் இரைச்சலிலும் லோரி கிளப்பும் காற்றின் இழுப்பிலும், மழையானால் தெறிக்கும் நீரிலும், கைப்பிடியை இறுக்கிக்கொண்டு போக வேண்டும். மலேசியச் சாலை மரணங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுடையவை. ஜெர்மனியின் ஆட்டோபான்களில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி உண்டு, ஆனால் அங்கே சிறிய வண்டிகளில் ஆயிரக்கணக்கானோர் ஷிப்டுக்குப் போவதில்லை. அந்நாட்டு முடிவுகளை இங்கே பெயர்த்து நட முடியாததற்கு இதுவே போதிய காரணம்.

லூனாஸ், குபாங் செமாங் போன்ற சந்திப்புகள் நெருக்கமாக வரும் குறுஞ்சாலையில் இன்னொரு சிக்கல். நுழைதடத்திலிருந்து வரும் கார் எங்கே புகுவது? இடைவெளி பத்து மீட்டர் என்றால் புக முடியாது. தடம் முடிந்துவிட்டால் நின்றாக வேண்டும், அல்லது துணிந்து நுழைய வேண்டும். நுழைந்தால் தொடரணி பிரிகிறது, பின் லோரி வேகத்தைக் குறைக்கிறது, பிறகு எட்டிப் பிடிக்க எண்ணெயை எரிக்கிறது. பாலங்களுக்கும் ஒரு கேள்வி உண்டு: பல டன் வண்டிகள் ஒரே கண்ணில் நெருங்கி நிற்பது அடிக்கடி நடந்தால், வடிவமைப்பின்போது எண்ணிய சுமைப்பகிர்வு அப்படியே பொருந்துமா என்பதைப் பொறியாளர்கள் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

இத்தனை ஆபத்தையும் ஏற்றுக்கொள்ளச் சொல்வதற்குக் கிடைக்கும் கைம்மாறு என்ன? முக்கியமானது எரிபொருள். மான் நிறுவனமும் டிபி ஷெங்கரும் 2018-19-இல் மியூனிக்–நியூரம்பெர்க் ஏ9 சாலையில் உண்மையான சரக்கோடு நடத்திய ஓட்டத்தில் மூன்று முதல் நான்கு விழுக்காடு மிச்சமானது. மேல் எண்ணையே எடுப்போம். பட்டர்வொர்த்திலிருந்து கிள்ளான் 370 கிலோமீட்டர் என்றும் நூறு கிலோமீட்டருக்கு 35 லிட்டர் என்றும் கொண்டால் 130 லிட்டர் டீசல். நான்கு விழுக்காடு ஐந்து லிட்டருக்குச் சற்று மேல். 2024 ஜூன் சீரமைப்பின்போது சரக்கு வாகனங்களுக்கு வைத்த லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென் விலையில், ஒரு பயணத்துக்குப் பதினோரு ரிங்கிட். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவது. 105 கிலோமீட்டரில் ஓடும் அமெரிக்க லோரிக்குக் கிடைக்கும் லாபம் 80-இல் ஓடும் நம் லோரிக்குக் கிடைக்காது. பிகேஇயின் பதினேழு கிலோமீட்டரில், டோலில் நின்று நின்று போகும் ஓட்டத்தில், மிச்சம் என்று சொல்ல ஒன்றும் இராது. பதினோரு ரிங்கிட்டுக்காக ஓர் ஓட்டுநரை மணிக்கணக்காக முன் லோரியின் பின்கதவைத் தவிர வேறெதையும் பார்க்காமல் உட்காரச் சொல்வதை எப்படி நியாயப்படுத்துவது? கைகள் சும்மா இருக்க, கண்ணில் ஒரே காட்சி. திடீரென்று கருவி பொறுப்பைத் திருப்பித் தந்தால், அவர் உள்ளத்தைத் திரட்டிக்கொள்ளப் பல விநாடி வேண்டும். பத்து மீட்டரில் அரை விநாடிகூட இல்லை.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் பின்வாங்கியதே எனக்குப் பெரிய சான்று. 2019 ஜனவரியில் டைம்லர் தொடரணித் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தது: நல்ல சூழலிலும் எதிர்பார்த்த மிச்சம் வரவில்லை; தொடரணி பிரிந்து மறுபடி சேரும்போது அது இன்னும் குறைந்தது. அமெரிக்காவில் இதற்காகவே தொடங்கப்பட்ட பெலோட்டன் நிறுவனம் 2021-இல் மூடப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பல நிறுவனக் கூட்டுத் திட்டமான என்செம்பிள், 2021-இல் பார்சலோனா அருகே ஏழு வகை லோரிகளைக் கோத்து ஓட்டிக் காட்டியது. ஆனால் அது முதற்கட்டமாகப் பரிந்துரைத்த முறையில் பொறுப்பு ஓட்டுநரிடமே இருந்தது. இடைவெளி ஏறத்தாழ ஒன்றரை விநாடி, 80 கிலோமீட்டரில் 33 மீட்டர். அதாவது, நெருக்கத்தைக் கண்டுபிடித்தவர்களே தூரத்துக்குத் திரும்பினார்கள். ஜெர்மானியச் சாலைச் சட்டமோ ஆட்டோபானில் 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் லோரிகளுக்கு 50 மீட்டர் இடைவெளியை முன்பே கட்டாயமாக்கியிருக்கிறது. சிங்கப்பூர் ஆளில்லா வண்டிகளைப் பெருமளவில் ஓட்டுவது 2022-இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட துவாஸ் துறைமுகத்தின் வேலிக்குள்ளே.

என் தீர்ப்பு இது. பிகேஇயிலும், வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையின் கெடா, பேராக் பகுதிகளிலும் பத்துப் பதினைந்து மீட்டர் தொடரணி பாதுகாப்பானதல்ல. இன்றைய பிரேக் பராமரிப்பும் இன்றைய கலப்புப் போக்குவரத்தும் இருக்கும்வரை அதற்கு அனுமதி தரக் கூடாது. அந்தத் தொழில்நுட்பத்தில் நமக்கு வேண்டியது பாதி: முன்னால் பார்க்கும் ரேடார், தானே போடும் அவசர பிரேக், இடைவெளியைக் காக்கும் வேகக் கட்டுப்பாடு. ஐரோப்பாவில் 2015 முதல் புதிய கனரக வாகனங்களுக்கு அவசர பிரேக் கட்டாயம். கருவி மீட்டுத் தரும் அந்த இருபத்தெட்டு மீட்டரையும் நெருங்குவதற்குச் செலவழிக்காமல் சாலையிலேயே விட்டுவைக்க வேண்டும்.

இங்கேதான் "தவிர்க்க முடியாதது" என்ற சொல்லுக்கு வருகிறேன். லோரி ஓட்டுநர்கள் ஒட்டி ஓடுவது இயற்கைக் குணத்தால் அல்ல. டிரிப் கணக்கில் கூலி வாங்குபவருக்கு, விட்ட இடைவெளியில் இன்னொரு வண்டி புகுந்துவிட்டால் நேரம் போகிறது. துறைமுக வாசலில் வரிசை நீள்கிறது. அன்றைய மூன்றாவது டிரிப் கைநழுவுகிறது. இடைவெளியை விடச் சொல்லும் சட்டம் அதற்கான நேரத்தையும் கூலியில் வைத்துக் கொடுக்கும்படி முதலாளியைக் கேட்க வேண்டும். ஓட்டுநரை மட்டும் பிடித்து அபராதம் எழுதுவது தவறான இடத்தில் கை வைப்பது.

பின்னாளில் யாராவது இதை மறுபரிசீலனைக்குக் கொண்டுவந்தால், முதலில் கேட்க வேண்டியது ரேடியோத் தொடர்பின் வேகத்தை அல்ல. யார்டை விட்டு வெளியேறும் ஒவ்வொரு டிரைலருக்கும் அன்றைய பிரேக் வலிமை அளக்கப்படுகிறதா, அந்த எண் பிரைம் மூவரில் இருக்கும் ஓட்டுநருக்குக் காட்டப்படுகிறதா, குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால் வாசற்கதவு திறக்காமல் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அளக்கும் உருளைப் படுக்கை புதிய கண்டுபிடிப்பு அல்ல. பரிசோதனை நிலையங்களில் ஏற்கெனவே இருக்கிறது. பெரிய கொள்கலன் யார்டு ஒவ்வொன்றிலும் ஒன்று வைப்பதற்கான செலவைத் தொடரணிச் சோதனைக்கு முன்பே கேட்டுப் பெற வேண்டியவர்கள் போக்குவரத்து அமைச்சும் ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையும்.